ஆடில்லாத ஆட்டு நிபுணர்

ஊருக்கு ஒருவராவது இருப்பார், நீங்களும் பார்த்திருப்பீர்கள்: கேட்காமலே யோசனை சொல்பவர். மோட்டார் ஓடவில்லையா, மருமகளுக்கு மயக்கமா, தென்னையில் வண்டா, எதற்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். கேள்விதான் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் அந்தப் பொறுப்பைத் தம்பிதுரை பார்த்துவந்தார். தறிப்பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, இந்தக் கோடையில் ஆடு வளர்ப்பில் தேறியிருந்தார். அவரிடம் ஆடு உண்டா? ஒரு குட்டிகூடக் கிடையாது.

அடுத்த வயற்காட்டுக் கீதாவிடம் நான்கு வெள்ளாடுகள் இருந்தன. ஒன்று சினை. மழையில்லாமல் மேய்ச்சல் கருகி, ஆடுகளின் விலா எலும்பு தெரிந்தது.

"ஏனுங்கம்மணி, காட்டுத்தழையக் காய வெச்சுக் குடுங்க. ஆடு கொழுத்துரும்" என்றார் தம்பிதுரை. சொன்னதோடு நிற்கவில்லை. பள்ளத்தோரம் போய்த் துத்தி, கிளுவை, இன்னும் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அறுத்துவந்து, மனைவி சாந்தாமணி வடகம் போட வைத்திருந்த மொட்டைமாடி முழுக்கப் பரப்பி, ஒரு வாரம் காயவைத்து, இரண்டு மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் இறக்கினார்.

கீதா ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். "இதுல உன்னித்தழ கெடக்குதுங்ணா. ஆட்டுக்கு ஆகாதுங்களே."

"பச்சையாத் தின்னாத்தான் ஆகாது. காஞ்சா வெசமெல்லாம் போயிருமுங்க. வீடியோவுல அந்தத் தம்பி தெளிவாச் சொன்னாரு."

அந்தத் தம்பி சொன்னது வேறு செடியை. பெரிய மனுஷரின் முகம் சுண்டிவிடக் கூடாதே என்று கீதா கொஞ்சம் போட்டாள். ஆடுகள் முகர்ந்துவிட்டு விலகின. தம்பிதுரை விடுவாரா? வெல்லத்தண்ணீர் தெளித்து, கம்பந்தவிடு தூவினார். சினையாடு தின்றது.

மூன்றாம் நாள் அது இரை எடுக்காமல், வெயிலுக்கு ஒதுங்கித் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கால்நடை டாக்டர் மோகனப்பிரியா வந்து கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். மஞ்சள்.

"உன்னித்தழ தின்னுச்சுங்களா?"

கீதா மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். தம்பிதுரைதான் வாய் திறந்தார். "நாந்தானுங்க குடுத்தேன்."

"காஞ்சாலும் அந்த வெசம் போகாதுங்க. வெயில் படாமக் கட்டுங்க. பொழைக்குமான்னு நாலு நாள் பாக்கோணும்."

மருந்து கொடுத்துவிட்டு டாக்டர் போனாள். நான்கு நாளும் தம்பிதுரை பட்டியை விட்டு நகரவில்லை. ஈ ஓட்டினார், தண்ணீர் காட்டினார், அதன் வயிற்றில் கை வைத்துக் குட்டி அசைகிறதா என்று பார்த்தார். தன் வாய்ச்சொல் ஓர் உயிரை எடுக்கும் என்று அறுபத்தொரு வயதில் முதன்முறையாக அவருக்குப் பட்டது. பேச்சே இல்லை. சாந்தாமணி பயந்துபோய், "உங்களையும் டாக்டரம்மாகிட்டக் காட்டிப்போடலாமுங்களா?" என்றாள்.

ஐந்தாம் நாள் ஆடு அகத்திக்கீரையைக் கடித்தது. தம்பிதுரை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உடுங்ணா, டீ குடிங்க" என்றாள் கீதா. இனி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டினார்.

மறுநாள் பேக்கரியில் பெட்ஷீட் வியாபாரி ரசாக், தான் இரண்டு ஆடு வாங்கப்போவதாகச் சொன்னார். தம்பிதுரை உதட்டைக் கடித்துக்கொண்டார். டீ ஆறும்வரை தாக்குப்பிடித்தார்.

"உன்னித்தழையில மட்டும் உஷாரா இருங்க பாய். அதுக்கு வைத்தியம் நமக்கு அத்துப்படி."

படித்ததும் உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரின் முகம் வந்திருக்குமே? இதை அவர்களுக்கு அனுப்பி, கூடவே திருந்தும் வழியையும் நாலு வரி எழுதிச் சேர்க்கக் கை துறுதுறுக்கிறதா? அவர்கள் உங்களைக் கேட்டார்களா?