மூன்றாம் மாடிக் கோப்பைகளின் ஈரம்

எனக்கு முதலில் தீங்கு செய்தவர் ட்ரௌட்வைன். பிறகு பலர் செய்தார்கள். ஆனாலும் வரிசை தவறக் கூடாது.

ஜெர்மனியில் எங்கள் சிற்றூர் நகராட்சியில் அவர் பொது ஒழுங்குத் துறைத் தலைவர். லோபெக் என்கிற நான் அங்கே இருபத்தெட்டு வருஷம் கட்டடப் பராமரிப்பாளன். பல்பு மாற்றுவேன், கதவுக்கு எண்ணெய் விடுவேன், வாசலில் பனி தள்ளுவேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் ஈரம் எது, காய்ந்தது எது என்று சொல்லிவிடுவேன்.

ஒரு நவம்பரில், மூன்றாம் மாடியில் இருந்த பாத்திரம் கழுவும் இயந்திரம் கோப்பைகளை ஈரமாகவே வெளியே விட ஆரம்பித்தது. வீட்டிலிருந்து என் நீலக்கட்டம் போட்ட துண்டைக் கொண்டுவந்து, துடைத்து அடுக்கினேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ட்ரௌட்வைன் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"ஹெர் லோபெக், அது என்ன துணி?"

"என் துண்டுங்க."

"நீங்க துடைச்சுட்டா, மெஷின் காய வைக்குதா இல்லையான்னு அலுவலகம் எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"காய வைக்கலைங்க. அதனாலதான் துடைக்கிறேன்."

"அது உங்க அபிப்பிராயம். துணியைக் கொடுங்க."

சொட்டச் சொட்ட இருந்த துண்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போனது. உறைக்கு எண், எண்ணுக்கு மேல் முத்திரை. "உண்மை நிலையைத் துடைத்து மறைத்தமைக்காக" ஒரு எச்சரிக்கைக் கடிதம் என் பணிக்கோப்பில் ஏறியது. அடுத்த ஜூனில் எனக்கு ஓய்வு. என் அப்பா ரயில்வேயிலிருந்து கறையில்லாத கோப்போடு வீட்டுக்கு வந்தார். நானும் அப்படிப் போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். கடைசி அலசலில் சேரும் திரவம் தீர்ந்துவிட்டது. அது இல்லையென்றால் தண்ணீர் வழிந்தோடாமல் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும். இதைச் சொல்லவே இயந்திரத்தின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அந்த விளக்கின் மேல்தான் "கோப்பைகள் ஈரமாக உள்ளன, கவனம்" என்று துறை அறிவிப்பு ஒட்டியிருந்தது.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் பாருங்க, விளக்கு எரியும்," என்றேன் கொள்முதல் பிரிவு அம்மையார் ஃபிராவ் ஹில்ஷரிடம்.

"முத்திரை போட்ட தாளையா? ஏற்கனவே ஒரு கடிதம் வாங்கினது பத்தலையா உங்களுக்கு?"

"சரி, திரவமாவது ஒரு குப்பி வாங்குங்க."

"கழுவுற பொருள்னா துப்புரவுப் பிரிவு. காய வைக்கிற பொருள்னா வெப்பப் பிரிவு. இது எது?"

"கழுவும்போது சேர்றதுங்க, காயறதுக்காக."

அவர் பேனாவை மூடினார். "அப்படி ஒரு பொருள் இருக்க முடியாது, ஹெர் லோபெக்."

ஆகவே ஈரப் பணிக்குழு அமைந்தது. ஒன்பது பேர் ஆறு வாரம் கோப்பைகளை எடைபோட்டு, ஈரமான கோப்பை உலர்ந்த கோப்பையைவிடக் கனமானது என்று ஒருமனதாகக் கண்டறிந்தார்கள். ஆலோசகர் ஒருவரை அழைக்கப் பரிந்துரைத்தார்கள்.

ஆலோசகர் பெர்லினிலிருந்து வந்தார். ஜனவரிக் குளிரில், காலுறை இல்லாத காலில் ஷூ.

"என்னை யோரிஸ்னே கூப்பிடுங்க. ஈரத்தை எதிரியாப் பார்க்காதீங்க. கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிங்க. மூச்சை விடுங்க. இப்ப துடைங்க."

நாற்பது பேர் புதுத் துண்டுகளால் துடைத்தார்கள். ட்ரௌட்வைனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து வியாழன்தோறும் ஒன்பதேகாலுக்குக் கூட்டுத் துடைப்பு. கடவுச்சீட்டுக்குக் காத்திருந்த ஜனங்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களுக்கும் துண்டு கொடுத்தார்கள், முணுமுணுப்பு நின்றது.

"நானும் இதைத்தானே செஞ்சேன்? என் துண்டைக் கொடுத்து, கடிதத்தையும் எடுத்துடுங்க," என்றேன் ட்ரௌட்வைனிடம்.

"நீங்க பயிற்சி இல்லாம துடைச்சீங்க."

பொறுக்கவில்லை. ஒரு வியாழன் காலை வீட்டிலிருந்து அந்தத் திரவம் ஒரு குப்பி கொண்டுபோய் இயந்திரத்தில் ஊற்றினேன். கழுவி முடிந்ததும் ஆவி போக அதன் கதவை ஒரு சாண் திறந்துவைத்தேன். ஒன்பதேகாலுக்கு நாற்பது பேரும் துண்டோடு வந்து நின்றார்கள். கோப்பைகள் ஒரு துளி ஈரமில்லாமல் காய்ந்து மின்னின.

யோரிஸ் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல துடைக்க ஒண்ணுமே இல்லையே..."

"யார் செஞ்சது?" என்றார் ட்ரௌட்வைன்.

"அனுமதியின்றி உலர்த்தியமைக்காக" இரண்டாவது கடிதம். கூடவே ஒரு புதுப் பொறுப்பு: வியாழன் ஒன்பது மணிக்குக் கோப்பைகளை நனைத்து வைப்பது. நான் மறுத்தேனா? இல்லை. ஜூன் வரை ஒரு கோப்பையைக்கூட விடாமல் நனைத்தேன். அதற்கு ஒரு பாராட்டிதழும் கோப்பில் ஏறியது, இரண்டு கடிதங்களுக்கும் மேலே.

விடைபெறும் நாளில் ஈரக் கோப்பையில் காபி கொடுத்தார்கள். கடிதங்களை எடுக்கச் சொல்லி மறுபடி கேட்டேன்.

"உங்க துண்டை நாங்க திருப்பிக் கொடுத்தாத்தான் விசாரணை முடியும். விசாரணை முடிஞ்சாத்தான் கடிதத்தை எடுக்க முடியும்," என்றார் ட்ரௌட்வைன்.

"அப்ப துண்டைக் கொடுங்க."

"சாட்சிப் பொருளை உலர்ந்த நிலையிலதான் திருப்பித் தரணும்."

"உறையைத் திறங்க, காஞ்சுடும்."

"முத்திரை போட்டிருக்கு, ஹெர் லோபெக்."

மூன்று வருஷமாகிறது. மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். துண்டு இன்னும் ஈரமாக இருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வருகிறது.