கெல்சி பெயரில் நான் எழுதிய கடிதங்கள்

நெப்ராஸ்கா,
ஜனவரி 19

அன்புள்ள அக்கா மார்லிஸுக்கு, தம்பி டுவேன் எழுதுவது. இங்கே நான், மனைவி ரெனே, மகள் கெல்சி மூவரும் நலம். அங்கே அயோவாவில் உன் நலமும், அத்தானுடைய இடுப்பின் நலமும் அறிய ஆவல். நீ அனுப்பிய ஜாம் வைத்த கொலாச்சி பன்கள் நசுங்காமல் வந்து சேர்ந்தன.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, ஒரு நலமும் இல்லை. மகள் என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது. உங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் உன் பக்கத்தில் நின்று பாடுகிறாரே திருமதி டிராஸ்க், உங்கள் ஊர்க் கல்லூரியின் வாலிபால் பயிற்சியாளர், அவரிடம் வருகிற ஞாயிற்றுக்கிழமை கெல்சிக்காக நீ ஒரு வார்த்தை பேச வேண்டும். இந்த ஒரு இடமும் போனால் அவளுக்கு விளையாட வேறு கல்லூரியே கிடையாது. பள்ளி முடிய நாலு மாதம்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் பதினைந்துக்கு முன்னால் பெரிய கல்லூரிப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குப் பதில் போடக் கூடாது என்று விதி. அதுவரை நான் எழுதியதற்குப் பதிலே வராததைப் பார்த்து, அடடா, எவ்வளவு யோக்கியமான மனிதர்கள் என்று நினைத்தேன். அந்த ஜூன் பதினைந்தும் வந்தது. கெல்சியின் போனைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரே ஒரு அழைப்பு, அதுவும் பல் டாக்டரிடமிருந்து. பக்கத்து வீட்டு கூபிச்செக் மகளுக்குப் பதினொன்று. போன் சூடாகி அணைந்தே போய்விட்டது என்று அந்த ஆள் வேலியோரம் வந்து, ஏதோ இழவு சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான். வயிறு எரிந்தது அக்கா, உன்னிடம் மறைப்பானேன்.

பயிற்சியாளர்களுக்குப் பிள்ளைகளேதான் எழுத வேண்டுமாம். பெற்றோர் எழுதினால் படிக்கவே மாட்டார்களாம். கெல்சியைக் கேட்டால், எழுதுகிறேன் அப்பா என்பாள், அதோடு சரி. ஆகவே அவள் பெயரில் நானே உட்கார்ந்தேன். அறுபத்துநான்கு கல்லூரிகள். அவளுடைய ஐந்தடி நாலங்குலத்தை ஐந்தடி ஏழாக்கினேன், ஷூவோடு சேர்த்து என்று வைத்துக்கொள். கான்சஸில் ஒரு கல்லூரிக்கு, மிசோரியில் விளையாடுவதுதான் என் பிறவிக் கனவு என்று போய்விட்டது. ஓரிடத்திலிருந்து, உன் ஆட்டம் எங்கள் கண்ணில் பட்டது, கோடை முகாமுக்கு வா என்று வந்ததும் கேக் வெட்டினோம். அப்புறம் பார்த்தால், கால் உடைந்து இரண்டு வருஷமாக மைதானமே மிதிக்காத பெண்ணுக்கும் அதே கடிதம்.

திருமதி டிராஸ்க் மட்டும்தான் மனுஷியாகப் பதில் போட்டார். ஒன்பது கடிதம் போய் வந்தது. எழுத எழுத எனக்கும் கை வந்துவிட்டது. முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பது, விடிவதற்குள் எழுந்து கறுப்புக் காபி குடிப்பது, யாரும் கண்டுகொள்ளாவிட்டாலும் விடாமல் முயல்வது எல்லாவற்றையும் மனம்விட்டு எழுதினேன். போன வாரம் அவரே கெல்சிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, எதிரே நான் பதில்களை எழுதிய அட்டைகளோடு நிற்கிறேன்.

"முழங்கால் இப்ப தேவலையாம்மா?" என்று கேட்டார்.

"எந்த முழங்கால்?" என்கிறாள் இவள். நான் என் முழங்காலைத் தட்டித் தட்டிக் காட்டுகிறேன். "ஓ, அது எங்கப்பாவோடதுங்க. கடிதமும் அப்பாவோடதுதான்."

அந்தம்மா, "எழுதினவரைச் சேர்த்துக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. வயசுதான் இடிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உண்மை பேச இவளுக்கு வேறு நாள் கிடைக்கவில்லை. அன்றோடு என்னோடு பேச்சும் நின்றது. ரெனேயாவது எனக்காக ஒரு வார்த்தை பேசினாளா என்றால், அதுவும் இல்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் இல்லையென்றால் இந்தப் பெண் யாருக்காவது ஒரு வரி எழுதியிருப்பாளா, நீயே சொல். வாயில்லாப் பூச்சி அக்கா அது. நான்தானே அதற்காகக் கத்த வேண்டியிருக்கிறது.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் இருவரையும் ஆண்டவர் வழுக்கும் பனியிலிருந்து காக்கட்டும்.

உன் தம்பி,
டுவேன் நோவோட்னி

பி.கு.: திருமதி டிராஸ்கிடம் ஒன்றும் பேச வேண்டாம். இதை உறையில் போடுவதற்குள் மனசு கேட்காமல் மொன்டானாவில் ஒரு கல்லூரிக்கும் கெல்சி பெயரில் ஈமெயில் தட்டிவிட்டேன். அரை மணியில் பதில் வந்தது. ஐயா, கெல்சியை அக்டோபரிலேயே எங்கள் அணியில் எடுத்துக்கொண்டோம், அம்மாவும் பெண்ணும் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்களே என்று. ரெனேயின் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு பேரும் கிளம்பிப் போனது அங்கேதானாம். கெல்சி முதலில் எழுதிய கடிதத்தை, நீங்கள் பார்ப்பது நல்லது என்று அந்தப் பயிற்சியாளர் கூடவே அனுப்பியிருக்கிறார். முழுதும் இவ்வளவுதான்: "நான் ஐந்தடி நாலங்குலம், இனி வளர மாட்டேன். பின்வரிசையில் நிற்பேன், பந்தைக் கீழே விட மாட்டேன். என் அப்பா என் பெயரில் உங்களுக்கு எழுதலாம். அவர் எழுதுகிற பெண் நான் இல்லை. அவரைத் திட்டிவிடாதீர்கள். அந்தப் பெண்ணை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."