சுண்ணாம்பு இல்லாமல் சிவந்த மஞ்சள்

புனேயில் பெரிய பதவியிலிருக்கும் அண்ணன் மகன் சிரஞ்சீவி விமலுக்கு, சேரப்பணஞ்சேரி பங்களாவின் பின்பக்க அறையிலிருந்து சித்தப்பா ரங்கநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் சித்தி பெருந்தேவியும் சௌக்கியம். உன் நீச்சல் குளத்துக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்து, இப்போது தேவலை. போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பாய், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் மதிவதனியோடு வருவேன், குளம் பச்சையாகவே கிடந்தால் மண் கொட்டி மூடிவிட்டு வீட்டை ஏதாவது கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்றாய். எங்கள் அறையும் அதோடு போச்சே என்று சித்திக்குச் சோறு இறங்கவில்லை. நான் கலங்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனிக்கே தண்ணீர் பார்த்தவன். "கேன்டீன்ல தண்ணி கேன் மாத்துனத இன்னாத்துக்குய்யா எழுதிக்கினு கீற?" என்கிறாள் சித்தி பக்கத்திலிருந்து. அதை விடு.

நீ வாங்கி வைத்த குளோரின் நாற்றம் எனக்கு ஆகவில்லை. கிணற்றுக்குச் சுண்ணாம்புதானே போடுவோம், குளம் என்ன கிணற்றுக்கு அக்காவா என்று ஒரு மூட்டையை இறக்கினேன். குளம் பாலாகிவிட்டது. அன்றைக்கென்று குழாயில் தண்ணீர் வராமல், சித்தி குளத்தில் ஒரு சொம்பு மொண்டு முகத்துக்கு மஞ்சள் குழைத்தாள். குழைத்த மஞ்சள் ரத்தமாகச் சிவந்தது. "புள்ளைக்கி ஆரத்தி சுத்த வேற சுண்ணாம்பே வேணாம், கொளமே போதும்" என்றாள். தண்ணீர் கெட்டதை அந்த நொடியே கண்டுபிடித்தது நான்தான். புளிப்புதான் இதற்கு மருந்து என்று, பழம்புளி ஒரு கூடை கரைத்து ஊற்றினேன். குளம் ரசமானது. பம்பு புளியங்கொட்டையைக் கடித்துக்கொண்டு நின்றுபோனது. "கொத்தமல்லி தூவு, பந்தி போட்டுர்லாம்" என்று சித்தி. இடுப்பளவு ரசத்தில் நின்று கொட்டையும் நாரும் பொறுக்கினேன் விமல், முதுகு நிமிரவே மாட்டேன் என்கிறது. இன்னும் என் வேட்டியில் புளிவாசம் போகவில்லை.

எப்படியோ முடித்துவிட்டேன். பச்சை இல்லை, பால் இல்லை, ரசம் இல்லை. அடியிலுள்ள நீல ஓடு ஒவ்வொன்றும் கண்ணாடியாகத் தெரிகிறது. ஸ்டூடியோக்காரரை வைத்து எடுத்த படம் இத்துடன்.

உன் மனைவி ராஜலட்சுமிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி. ஸ்ரீபெரும்புதூர் உடையவர் கிருபையால் எல்லாம் தெளியட்டும்.

இப்படிக்கு,
ரங்கநாதன்

பின்குறிப்பு: படத்தில் இருப்பது ஓடு மட்டும்தான். தண்ணீரை நேற்றே முழுக்க இறைத்துவிட்டோம். மண்தான் கொட்டுவாய் என்றால் நல்ல செம்மண்ணாகக் கொட்டச் சொல்கிறாள் சித்தி, வாழை வைக்கலாமாம். வாழைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே; பின்னறையிலேயே இருந்துகொள்கிறோம்.