பெரு நாட்டுச் சம்பந்தி

யாராவது புரியாத கேள்வி கேட்டால் "ஆமாம்" என்று தலையாட்டிவிடுவது என் பிறவிக் குணம். திரும்பச் சொல்லச் சொன்னால் இவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். (எனக்கு ஆங்கிலம் தெரியும். எதிராளி பேசும் ஆங்கிலம்தான் பிடிபடுவதில்லை.) இந்தக் குணத்தால் தேவையில்லாத இரண்டு காப்புறுதிப் பாலிசிகளும் ஒரு மசாஜ் நாற்காலியும் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை, முன்பின் தெரியாத பெண்ணின் கல்யாணத்தையே பேசி முடித்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் மனைவி மல்லிகாவும் மகள் சுதாவும் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் நடந்தோம். பழைய கடைவீடு ஒன்றில் பெரு நாட்டுச் சாப்பாட்டுக் கடை இருந்தது. உருளைக்கிழங்கு பிறந்ததே அந்த நாட்டில்தான், அங்கே ஊதா நிறக் கிழங்குகூட உண்டு என்று அப்போதுதான் எங்கோ படித்திருந்தேன். பார்க்காமல் போக மனசு வரவில்லை.

"அப்பா, கதவுல ஏதோ ஒட்டியிருக்கு, படிங்க," என்றாள் சுதா.

"டுடேஸ் ஸ்பெஷலா இருக்கும், வா லா."

(குடும்ப நிகழ்ச்சி, இன்று கடை மூடல் என்று எழுதியிருந்தது. வெளியே வரும்போதுதான் படித்தேன்.)

உள்ளே நீளமான மேசை, நிறையப் பூ. பெரிய மீசைக்காரர் ஒருவர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் மனைவி மல்லிகாவின் கன்னத்தில் முத்தமிட்டார். முருங்கைக்காய்ப் பையோடு மல்லிகா அப்படியே உறைந்து நின்றாள்.

"உட்லண்ட்ஸ்லேர்ந்துதானே வர்றீங்க?" என்று மீசைக்காரர் தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

எங்கள் வீடு உட்லண்ட்ஸில்தான். இவருக்கு எப்படித் தெரியும் என்று வியந்தபடி தலையாட்டினேன். வாசலை எட்டிப் பார்த்து இன்னும் ஏதோ கேட்டார், அதற்கும் தலையாட்டினேன். தன் பெயர் மார்கோஸ் என்றார். சமையல் மனைவி எல்சா, பரிமாறுவது மகள் லூசியா, கடையே குடும்பம்தான் என்றார்.

மெனு வரவில்லை, தட்டுகள் வந்தன. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன், மேலே வெங்காயம், மிளகாய்.

"பச்சை மீனுங்க," என்று மல்லிகா என் காதைக் கடித்தாள்.

"எலுமிச்சையிலேயே பக்குவமாயிடுமாம்," என்றேன், பெருவிலேயே பிறந்தவன்போல.

மசித்த மஞ்சள் கிழங்குக்கு நடுவே கோழி வைத்து, கேக் மாதிரி அடுக்கியிருந்தார்கள். கறுப்பு மக்காச்சோளத்தில் செய்த ஊதா பானத்தில் பட்டையும் கிராம்பும் மணந்தன. எல்சாவிடம் ஒவ்வொன்றின் செய்முறையையும் கேட்டேன். பதில் பாதிதான் புரிந்தது. தலையை முழுதாக ஆட்டினேன்.

பிறகு மார்கோஸ், லூசியாவை என் எதிரே உட்காரவைத்து, "எங்க பொண்ணு எப்படி?" என்றார்.

பரிமாறியதைக் கேட்கிறார் என்று நினைத்து, "பைவ் ஸ்டார்!" என்றேன். எல்சா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேவை நன்றாக இருக்கிறது என்றால் அழுவார்களா?

அடுத்து மார்கோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு நீளமாக ஏதோ கேட்டார். 'சர்ச்', 'டெம்பிள்' இரண்டு வார்த்தைகள்தான் பிடிபட்டன. ஊருக்குப் புதியவர், இந்த வட்டாரத்தில் எதைச் சுற்றிப் பார்ப்பது என்று கேட்கிறார் போலிருக்கிறது.

"ரெண்டும்தான் லா! காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரே நாள்ல முடிச்சிடலாம்!"

மார்கோஸ் துள்ளி எழுந்து மறுபடி கட்டிக்கொண்டார். லூசியா அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்த பட்டுச் சட்டைக்காரர் ஒருவர், பழத்தட்டோடு அவர் மனைவி, பின்னால் ஓர் இளைஞன்.

"சாரி அங்கிள், உட்லண்ட்ஸ் காஸ்வே பாலத்துல ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டோம்," என்றான் அவன் மார்கோஸிடம். "இவங்கதான் ஜொகூர்லேர்ந்து வந்த என் பெரியப்பா, பெரியம்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப இவர் யாரு?" என்றார் பட்டுச் சட்டை.

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தலையாட்டத் தோன்றவில்லை.

விஷயம் மெல்லத் தெரிந்தது. அந்த இளைஞன்தான் மாப்பிள்ளை. வாசலைப் பார்த்து மார்கோஸ் கேட்டது இவனைப் பற்றித்தான். அப்பா இல்லாத பையன். பெரியப்பா சொல்வதுதான் முடிவு. கோயிலில்தான் கல்யாணம் என்று அவரும், சர்ச்சில்தான் என்று எல்சாவும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலே மாதக்கணக்கில் பிடிவாதம். அந்தப் பெரியப்பாவின் விருந்தைத்தான் நான் வழித்துச் சாப்பிட்டிருந்தேன். அவருடைய தீர்ப்பையும் நானே சொல்லிவிட்டேன்.

"ரெண்டும் வைக்கலாம்னு உங்களை யாருங்க சொல்லச் சொன்னா?" என்றார் பெரியப்பா.

"நான்... சுத்திப் பாக்கத்தான் சொன்னேன்..."

மல்லிகா பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தாள். சுதா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்துப் பெரியம்மாவும் சிரித்தார். "ஏங்க, யாரோ எவரோ, அவருக்குத் தோணினது நமக்குத் தோணலையே," என்றார். பெரியப்பா என்னை முறைத்தபடியே உட்கார்ந்தார். கிழங்கில் ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார்.

"சரி. ஆனா கோயில்தான் முதல்ல."

அப்படியே நடந்தது. இரண்டுக்கும் போனோம். மண்டபத்தில் பெரியப்பா ஒவ்வொருவரிடமும் என்னை அறிமுகப்படுத்தினார்: "என் தம்பி மகன் கல்யாணத்தைப் பேசி முடிச்சவர். என்னைக் கேக்காம." அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எனக்குப் 'பெரு பெரியப்பா' என்றுதான் பெயர்.

போன மாதம் லூசியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தமிழ்ப் பெயரா, ஸ்பானியப் பெயரா என்று என் அபிப்பிராயம் கேட்க மார்கோஸ் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.