எல்லா ஃபைலின் தலையிலும் ஒரு உ

உ
கோமதியம்மன் துணை

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை

பெங்களூரில் என் மகளோடு சீரும் சிறப்புமாகக் குடியிருக்கும் மாப்பிள்ளை வேல்ராஜ் அவர்களுக்கு மாமனார் துரைப்பாண்டி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். ஆறு தறியில் நான்கு நலம், இரண்டு சும்மா நிற்கின்றன.

நீங்கள் நம் சேலைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்து, சின்னத் திருத்தங்களை நானே செய்துகொள்ள யோசனைகளும் அனுப்பினீர்களே, அதை நான் சும்மா விடுவேனா? போனிலும் பார்க்கச் சொன்னீர்கள். என் போன், அத்தை போன் எல்லாம் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒருவர் போனையும் வாங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் நீங்கள் சொன்ன அந்த எஃப் பன்னிரண்டு பொத்தானைத் தட்டினால் எந்தத் தளத்தின் குடலும் தெரிகிறது. ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுச்சேலை விலையை என் கையாலேயே பத்து ரூபாய் ஆக்கிவிட்டு, பயந்துபோய்க் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டேன். திரும்பத் திறந்தால் பழைய விலைதான் இருக்கிறது. அது ஏன் மாப்பிள்ளை?

நிற்க. நாகர்கோவில் ஜவுளிக்கடை ஏஞ்சல் அம்மா, புதன்கிழமைக்குள் நம் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிறிஸ்துமஸ் ஆர்டர் என்று சொல்லியிருந்தார். அது வராவிட்டால் தறி ஓட்டும் இசக்கித்துரை திருப்பூர் பஸ் ஏறிவிடுவான். பதினெட்டு வருஷம் கூடவே இருந்தவன். நல்ல நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை புது டிசைன்களைச் சேர்த்தேன். பிள்ளையார் சுழி போடாமல் நான் சீட்டுக்கூட எழுதியதில்லை. அதனால் தளத்தின் மூன்று ஃபைலுக்கும் தலையில் ஒரு உ அடித்தேன். அவ்வளவுதான், ஒன்று மாற்றி ஒன்றாக ஓடிய சேலைப் படங்கள் மறைந்தன, ஆர்டர் பொத்தானை அமுக்கினால் அசையவில்லை. எஃப் பன்னிரண்டைத் தட்டினால், உ என்றால் என்னவென்றே தெரியாது என்று சிவப்பில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது.

"அதுக்குத் தெரியலன்னா நீங்க சொல்லிக் குடுங்க. சுழிய மட்டும் அழிச்சிராதீக, தறி ஓடாது" என்றாள் உங்கள் அத்தை.

"தளமே ஓடலயேட்டி" என்றேன்.

இரண்டு நாள் இதே பேச்சு. இன்று விடிந்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, உத்தரவு வாங்கி, மூன்றையும் அழித்தேன். படங்கள் ஜோராக ஓடுகின்றன. ஆனால் மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கண்ணில் படாமல் சுழியைப் போட்டுவைக்க ஃபைலில் ஏதாவது இடம் உண்டா? விவரமாக எழுதவும்.

சுமதியை வெயிலில் அலையவிடாதீர்கள். இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ அம்மனை வேண்டும்,
துரைப்பாண்டி

பி.கு.: கவரை ஒட்டும்போது ஏஞ்சல் அம்மாவே கூப்பிட்டார். "அண்ணாச்சி, நேத்தே ஒங்க சைட்டப் பாத்துட்டேன். மத்தவங்களது எம் பழைய போன்ல சுத்திக்கிட்டே கெடக்கு. ஒங்களது பட்டுன்னு தொறந்துச்சு. படமும் இல்ல, பகட்டும் இல்ல, போன் நம்பர் மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. எரநூறு சேல போடுங்க" என்றார். இசக்கித்துரை இரண்டு தறியையும் துடைக்கப் போய்விட்டான். ஆனால் மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் தன் தங்கச்சிக்குக் காட்ட ஏஞ்சல் அம்மா இன்று அதே போனில் திறந்தாராம், நம் தளமும் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். தங்கச்சி அடுத்த வாரம் மறுபடி பார்ப்பாராம். மாப்பிள்ளை, அதற்குள் எப்படியாவது தளத்தைப் பழையபடி கெடுத்துக் கொடுங்கள்.