பதியுதீன் கூட்டிவந்த ஜின்

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சவரம் முடிந்திருந்தபோதுதான் பதியுதீன் வேலிக்கு அப்பால் அந்தச் சங்கிலியைக் கண்டார். நில அளவைக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவருடைய ஆள் மறுமுனையை நாவல் மரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான்.

“அஸீஸா, இஞ்ச வாகா. சல்மா உம்மா பக்கத்து வளவ விக்கப் போறா.”

“அளந்தா விக்கிறதா மச்சான்? அவட்டயே கேட்டுப் பாருங்களன்,” என்றாள் மனைவி.

“கேட்டா விலை ஏறும். நீ பேசாம இரி.”

மனுசன் பதறியதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கல்முனைக்குடியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். வீடு கட்டிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவர் பாடு. மகள் ஜெமீலாவுக்குச் சாய்ந்தமருதில் இடம் பேசி, நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று நாளும் குறித்தாயிற்று. அதற்குள் அத்திவாரமாவது போட்டுக் காட்ட வேண்டும் என்பது மாப்பிள்ளையின் உம்மா சொன்ன கடைசிச் சொல். கல்லும் சீமெந்தும் முற்றத்தில் குவிந்து கிடந்தன. கட்ட நிலம்தான் இல்லை.

கடற்கரைப் பக்கம் ஒரு சின்னத் துண்டு கைக்கு எட்டுகிற விலையில் வரத்தான் செய்தது. பதியுதீனின் கண் அதில் நிற்கவில்லை. நல்ல தண்ணீர்க் கிணறும் பதினொரு தென்னையுமாகப் பக்கத்து வளவு கிடக்கும்போது துண்டு நிலம் யாருக்கு வேண்டும்? ஆனால் ஊரில் நாலு பேர் கேட்கத் தொடங்கினால் அது நமக்கு வாய்க்காது. நாலு பேரும் கேட்காமல் இருக்க ஒரு வழி வேண்டும்.

பதியுதீனிடம் ஒரு வழி இருந்தது. சவூதியில் ஆறு வருடம் தண்ணீர் பவுசர் ஓட்டியவர் அவர். வேன் ஒன்றும் ஒரு பெட்டி நிறையக் கதையும் கொண்டுவந்திருந்தார். வேன் அடிக்கடி நின்றுபோகும். கதை நிற்காது.

அன்று அஸர் தொழுகை முடிந்து தேத்தண்ணிக் கடையில் குந்தினார்.

“பாலைவனத்து ஜின்னில ஒரு சாதி இரிக்கி. கூல் எண்டு அரபி சொல்லுவான். பொம்பிள மாதிரி வரும். கால மட்டும் மாத்த ஏலா, கழுதைக் குளம்புதான். தூரத்தில நெருப்பக் காட்டிக் கூப்பிடும். வழி தெரியாதவன அது தொடாதாம். தோல்பை நிறையத் தண்ணி இரிக்கக்குள்ளயும் இன்னொரு சுனை தேடிப் போறான் பாருங்க, அவனத்தான் புடிக்குமாம்.”

“அது அங்க. நமக்கென்ன காக்கா,” என்றார் கடைக்காரர்.

“அங்கதான் இரிந்த. என்ட போர்வைப் பெட்டிக்குள்ள ஏறி வந்திட்டு. இப்ப சல்மா உம்மாட நாவல் மரத்தில இரிக்கி.”

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாளே அந்த வளவோரமாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பிரதான வீதியால் சுற்றிப் போனார்கள். இரும்புக் கடை அப்துல் ஹமீட் ஹாஜியார் தனக்கு அந்த வளவில் ஒரு கண் இருந்ததாகவும், இப்போது இல்லை என்றும் சொன்னதாகக் கேள்வி.

மூன்றாம் நாள் சல்மா உம்மாவே வேலியோரம் வந்தார். பிள்ளை குட்டி இல்லாத கைம்பெண், எழுபது வயது. சாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“தம்பி, ஊரெல்லாம் ஒரு கதை அடிபடுது. நீங்க கண்டதெண்டு சொல்றாங்க. மெய்யாத்தான் அதுக்குள்ள ஜின் இரிக்கா?”

பதியுதீன் வேலிக்கு அப்பால் பார்த்தார். பதினொரு தென்னையும் கண்ணுக்கு முன்னால் ஆடின.

“ஓம் சாச்சி. என்ட ரெண்டு கண்ணாலயும் கண்ட.”

கிழவி நாவல் மரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். விலை விழுந்துவிட்டது என்ற நிம்மதியில் பதியுதீன் அன்று இடியப்பம் நாலு கூடச் சாப்பிட்டார்.

இடியப்பம் செரிக்குமுன் சாய்ந்தமருதிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா சொல்லியனுப்பியிருந்தார்: மகன் பல்லிக்கே பயந்தவன், பக்கத்து வளவில் ஜின்னை வைத்துக்கொண்டு அவனைக் குடியிருத்த முடியாது.

“இப்ப என்ன செய்யப் போறீங்க?” என்றாள் அஸீஸா. “குமர்ப் புள்ள கலியாணமில்லாமக் குந்தியிருக்கப் போகுது.”

அடுத்த அறையில் ஜெமீலா தையல் மெசினை நிறுத்திவிட்டாள். அந்தச் சத்தம் நின்றதுதான் பதியுதீனுக்கு நெஞ்சில் குத்தியது. வேனை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்கு ஓடினார். வேன் இரண்டு இடத்தில் நின்றது. போய்ச் சேருவதற்குள் புதிய கதை பழுத்துவிட்டது.

“அது கெட்ட ஜின் இல்ல ராத்தா. தொழுற ஜின். அந்தக் காலத்தில கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கின அரபிமாருட தங்கத்த அதுதான் காவல் காக்குது. பக்கத்தில இரிக்கிற ஆக்களுக்கு பரக்கத்து, செல்வம் பெருகும்.”

மாப்பிள்ளையின் உம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்ப சம்பந்திமாருக்கும் ஒரு பங்கு வரும்தானே,” என்று கேட்டுக்கொண்டார். நிக்காஹ் நிலைத்தது. பதியுதீன் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

தங்கம் என்ற சொல் அவருடைய வேனை விட வேகமானது. விடிந்து பார்த்தால் வளவுக்குள் மண்வெட்டிச் சத்தம். ஜின்னுக்குப் பயந்து சுற்றிப் போன ஆட்களெல்லாம் வரிசையாக நின்று கிண்டினார்கள். இரண்டு நாளில் ஏழு குழி. ஹாஜியார் ஐந்தாவது குழிக்குள் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டும் வெளியே வர மறுத்து, விழுந்த இடத்திலேயே தோண்டினார். சல்மா உம்மா யாரையும் ஏசவில்லை. ஆட்கள் கைவிட்ட குழிகளில் வாழைக்குட்டி நட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

மூன்றாம் நாள் அஸீஸா சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது புருசனைக் காணவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். எட்டாவது குழிக்குள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார் பதியுதீன்.

“என்ன மச்சான் செய்றீங்க?”

“இல்ல புள்ள. இவ்வளவு பேரும் தோண்டுறாங்க எண்டா, ஏதும் இல்லாமயா தோண்டுவாங்க?”

அஸீஸா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“ஜின்ன உண்டாக்கினது நீங்க. இப்ப அது உங்களயே கூலிக்கு வெச்சிரிக்கி. ஏறி வாங்க, ஹாஜியார் சல்மா சாச்சிட்ட விலை பேச வந்திரிக்கார்.”

பதியுதீன் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மண் ஒட்டிய காலோடு சல்மா உம்மாவின் விறாந்தையில் போய் நின்றார். ஹாஜியார் நொண்டிக்கொண்டே ஒரு விலை சொல்லி முடித்திருந்தார். பட்டணத்துக் கடைத்தெருவில்கூட அப்படி ஒரு விலை கேட்டதில்லை.

“அதே விலைக்கு எனக்குத் தாங்க சாச்சி,” என்றார் பதியுதீன். “என்ட மகள்ற வாழ்க்கை இதிலதான் கிடக்கு.”

“ஜின் இரிக்கெண்டு சொன்ன நீங்கதானே தம்பி?”

“அத நான் பாத்துக்கொள்ளுவன். அதுக்கு அரபுதான் விளங்கும். ஹாஜியாருக்கு அரபு கதைக்கத் தெரியா.”

சல்மா உம்மா கொஞ்சம் யோசித்தார். “பழகின ஆள் நீங்க. உங்களுக்கே தாறன். எனக்கும் ஹஜ்ஜுக்குப் போற நிய்யத்து இரிக்கி.”

வேன் போயிற்று. அஸீஸாவின் கழுத்துச் சங்கிலியும் அதன் பின்னால் போயிற்று. இருந்தும் நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரத்தில் கையொப்பம் வைத்தபோது பதியுதீனின் மனம் நிறைந்துதான் இருந்தது. நிக்காஹ் குறித்த நாளில் நடக்கும். கிணறு உண்டு, தென்னை உண்டு, ஏழு வாழைக்குட்டியும் இலவசம். இனி ஜின் வேறு ஊருக்குப் போய்விட்டதென்று அறிவித்துவிட்டால் ஆயிற்று. எட்டாவது குழியை மூடலாமா, இன்னும் ஒரு முழம் தோண்டிப் பார்க்கலாமா என்பதை மட்டும் அவர் முடிவு செய்யவில்லை.

சல்மா உம்மா ஸலாம் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். உறுதி எழுதிய கிளாக்கர் நல்லரெத்தினம், பாண்டிருப்பு ஆள், கடதாசிகளை அடுக்கிக்கொண்டே பதியுதீனை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த வளவுக்கு நான் எழுதின ரெண்டாவது உறுதி இது காக்கா, முதலாவத அந்த உம்மா போன மாசம் நிலத்த அளந்த கையோட, தனக்குக் கண் மங்கின நாளிலயிருந்து குர்ஆன் ஓதிக் காட்டுற புள்ள எண்டு உங்கட மகள் ஜெமீலாட பேருக்குச் சும்மா நன்கொடையா எழுதச் சொன்னவ, ஒப்பம் வைக்க வந்த அண்டு, ‘ஜின் இரிக்கிற இடத்த ஒரு குமருக்கு எப்பிடிக் குடுக்கிற, வாப்பாக்காரனே கண்ணால கண்டிரிக்கான்’ எண்டு கிழிச்சுப் போட்டுத்துப் போனவ.”