நள்ளிரவில் வெயில் வரவழைத்தவர்

ஹைட்ரஜன் தொழிற்சாலை வாசலில் கார் நிறுத்த இடமில்லை. உள்ளே பச்சைச் சாமியார் எழுந்தருளியிருந்தார். பச்சை அங்கி, பச்சைத் துண்டு, பச்சைக் கண்ணாடி. பல்லை மட்டும் கடவுள் கொடுத்த நிறத்திலேயே விட்டிருந்தார்.

கூடியிருந்தவர்கள் அனைவரும் ஹைட்ரஜன் முதலாளிகள். தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜன் பிரிந்து வரும். அந்த மின்சாரம் வெயிலிலோ காற்றிலோ பிறந்ததென்றால் ஹைட்ரஜனுக்குப் ‘பச்சை’ என்று பெயர். சந்தையில் தனி மரியாதை. ஆனால் சட்டம் கறாரானது. எந்த மணிநேரத்தில் ஹைட்ரஜன் எடுக்கிறாயோ, அதே மணிநேரத்தில் பிறந்த மின்சாரமாக இருக்க வேண்டும் என்கிறது. காற்று அசையாத ராத்திரியில் வெயிலுக்கு எங்கே போவது?

சாமியாரிடம் போகலாம். பகல் வெயிலைப் பிடித்து நள்ளிரவுக்கு அனுப்பிவைப்பார். கரி எரித்து வந்த மின்சாரம், அவர் ஒருமுறை ஊதினால் பச்சையாகிவிடும். ஆகிவிட்டதா என்று அவரே முகர்ந்தும் சொல்வார். பரீட்சை எழுதுகிறவரே மார்க்கும் போட்டுக்கொள்ளும் பாக்கியம் வேறு யாருக்கு வாய்க்கும்!

அந்தத் தொழிற்சாலையின் முதலாளி நல்ல மனிதர். அதனால்தான் சுலபமாக ஏமாந்தார். ‘என் ஹைட்ரஜன் முழுவதும் பச்சையே’ என்று அன்று மதியம் அதிகாரி முன்னிலையில் சத்தியம் செய்து கையெழுத்திடப் போகிறார். வக்கீலான அவருடைய தங்கை குறுக்கிட்டாள்.

“அண்ணா, ராத்திரி ஓடினது கரி மின்சாரம். பொய்ச் சத்தியம்னு தெரிஞ்சா ஜெயிலுக்குப் போறது நீங்க. உங்களுக்காகச் சாமி வந்து கம்பி எண்ண மாட்டார்.”

“வாயைக் கழுவும்மா! அவர் முகர்ந்தாலே உண்மை தெரிஞ்சிடும்.”

“சரி, முகரட்டும்.”

பக்கத்து அறைக்குப் போய், இரண்டு பலூன்களோடு வந்து மேஜைமேல் வைத்தாள்.

“இதுல எது பச்சை, எது கரி? நீங்களே சொல்லுங்க சாமி.”

சாமியார் சிவப்புப் பலூனை முகர்ந்து முகம் சுளித்தார். “கரி! கரி!” மஞ்சள் பலூனை முகர்ந்ததும் கண்கள் சொருகின. “ஆகா, கடற்காத்து! காத்தாலையில பொறந்த குழந்தை!”

கூட்டம் கைகூப்பியது.

“அண்ணா, ஹைட்ரஜன் பலூனைக் கையிலிருந்து விட்டா என்ன ஆகும்?”

“கூரைக்குப் போய் முட்டும். இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் தொழில் பண்றேன்?”

“இது ரெண்டும் மேஜைமேலேயே உட்கார்ந்திருக்கே?”

ஹைட்ரஜனிலேயே பிழைப்பு நடத்தும் அத்தனை பேரும் அப்போதுதான் மேஜையைப் பார்த்தார்கள்.

“ரெண்டையும் நான்தான் வாயால ஊதினேன். அது கடற்காத்து இல்லை சாமி, காலையில நான் தின்ன வெங்காயம்.”

சாமியார் கதவைத் தேடினார். ஒருவர் அவருடைய அங்கியைப் பிடித்து இழுத்தார். தங்கை குறுக்கே போய் நின்றாள்.

“விடுங்க. கார் அனுப்பிக் கூட்டிட்டு வந்தது நாமதானே?” சாமியாரிடம் ஒரு குவளையை நீட்டினாள். “வேர்த்துக் கொட்டுது, குடிங்க. வெறும் பச்சைத் தண்ணிதான்.”

முதலாளி அந்தச் சத்தியத் தாளைக் கிழித்தார். பகலில், வெயில் மின்சாரத்தில் எடுத்ததை மட்டும் புதிதாக எழுதினார். மொத்தத்தில் பாதிகூட வரவில்லை.

“அப்ப ராத்திரிக்கு என்னம்மா பண்றது?”

“மெஷின் தூங்கட்டும். நீங்களும் நிம்மதியாத் தூங்குங்க.”

வெயிலைக் கொடுத்த கடவுள்தான் மூளையையும் கொடுத்தார். வெயிலை மட்டும் வாங்கிக்கொண்டு, மூளையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறோமே, அவர் மனம் என்ன பாடுபடும்!